கல்யாண பென்டிரைவ்

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வந்து நிற்பவர்கள் முன்னால் தலையில் அடித்துக்கொள்வேன். "இந்தச் சனியனோட மாரடிச்சே என் உசுரு போயிரும்" என்பேன். இருந்தாலும் சந்தோஷம்தான். அது கெட்டால்தான் என் புருஷன் என்னோடு பேசுவார்.

தினமும் போன் பண்ணுவார், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் அதைப் பேச்சு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கும். "சாப்புட்டியா? பாப்பா சாப்புட்டுச்சா? அம்மா மாத்திரை போட்டாங்களா? சரி, வச்சிறவா?" வைத்துவிடுவார். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நான் நிற்பேன். சொல்ல வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே இருக்கும்.

ஜெரால்டுக்கு சிங்கப்பூரில் வேலை. அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடமாம். மெஷின் சூடாகிவிடக் கூடாதென்று எந்நேரமும் உள்ளே குளிரவைத்திருப்பார்களாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் இவர் ஸ்வெட்டரோடுதான் வேலைக்குப் போவார். போவதற்கு முன்னால் கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு இந்தக் கடையை வைத்துக் கொடுத்தார். மகள் பெயரில் பிளெஸ்ஸி ஆன்லைன் சென்டர். பட்டா நகல், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், ஜெராக்ஸ் என்று கூட்டம் ஓரளவுக்கு வரும்.

ஊரில் எல்லாக் கடையிலும் விண்டோஸ் இருக்க, எங்கள் கடைக்கு மட்டும் லினக்ஸ் போட்டார். "பசங்க கொண்டார பென்டிரைவுல பூராம் வைரஸு. இதுல ஒண்ணும் ஒட்டாது" என்றார். ஒட்டவில்லை, அது உண்மை. ஆனால் கெட்டுப்போனால் பழுது பார்க்கவும் இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு தடவை புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இங்கே காற்று பலமாக அடித்தால் கரண்ட் போகும். கடையில் இருக்கும் யூபிஎஸ் பெயருக்குத்தான் யூபிஎஸ். கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். மறுபடி போட்டால் சில சமயம் பாதியில் நின்றுகொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ கேட்கும். உடனே அவருக்குப் போன் போடுவேன். வீடியோ காலில் காட்டினால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறதென்று, நான் வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். அவர் அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், நான் அடிப்பேன். டிஸ்க் முழுவதையும் அது சோதித்து முடிக்க வெகுநேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் என் புருஷன் வாயைத் திறப்பார். அறையில் கூடத் தங்கியிருப்பவனின் குறட்டை, அங்கே கிடைக்கும் மீனில் ருசியே இல்லாதது, கட்டுமாவடி நெத்திலியை நினைத்துக்கொண்டு தூங்கிப்போவது, எல்லாம் வரும். ஒரு தடவை பாட்டுக்கூடப் பாடினார், கோயிலில் பாடுகிற பாட்டுதான்.

எஃப்-எஸ்-சி-கே என்று அடித்து, பக்கத்தில் டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து, அது கேட்பதற்கெல்லாம் 'ஒய்' தட்டினால் முடிந்தது. மூன்றாம் தடவையே எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "ஏங்க, என்னமோ கேக்குதுங்க, பயமா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பேன். எனக்காவது பயமாவது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக் கம்ப்யூட்டரை அவர் தன் போனோடு இணைத்து வைத்திருந்தார். அது நல்லபடியாக ஓடிக்கொண்டு இன்டர்நெட்டிலும் இருந்தால் அவர் போனில் ஒரு புள்ளி பச்சையாக எரியும். இல்லையென்றால் சாம்பல் நிறமாகிவிடும். "காலையில பச்சை வந்துருச்சுன்னா நீ கடைக்கு வந்துட்டேன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் டூட்டிக்குப் போவேன்" என்று எப்போதோ சொன்னார். அதிலிருந்து காலையில் கடையைத் திறந்தால் சாமி படத்துக்கு விளக்குப் போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத்தான் போடுவேன். அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தோணியார் என்றதும் திருவிழா ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழா ஜூன் மாதம். இந்த வருடம் ஒரு நாள் மண்டகப்படி எங்கள் வீட்டு முறை. முறை வந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று தேருக்கு மாலை கொடுக்க வேண்டும். இதை விட்டால் எல்லா வீடும் சுற்றி மறுபடி எங்களுக்கு வர எத்தனையோ வருடம் ஆகும். மே மாதத்தோடு அவருடைய கான்ட்ராக்டும் முடிகிறது. "திருவிழாவுக்கு வாரேன். வந்து யோசிப்போம். ஒத்துவந்தா ஊரோடயே இருந்துக்கிறலாம்" என்று போன வருடமே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் வருடத்தை ஓட்டினேன். வெள்ளைச் சட்டை எடுத்து வைத்தேன். என் மாமியார் சந்தனமேரி, வருகிற மகனுக்கென்று வெயிலில் மிளகாய் வற்றல் போட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் போன் வந்தது.

"ஷீபா, கடை வரைக்கும் போக முடியுமா? ஒரு வேலை இருக்கு."

"மெஷின் நல்லாத்தானங்க இருக்கு?"

"நல்லாருக்கும்போதே செய்யணும். அவசரத்துக்கு ஒரு பென்டிரைவ் போட்டு வச்சிருவோம். உள்ள இருக்கிறது எந்திரிக்காமப் படுத்துக்கிட்டாலும், இதைச் சொருகி மெஷினை எழுப்பிறலாம். பழுது பாக்குற சாமானெல்லாம் அதுலயே இருக்கும். ரெண்டு எடத்துல தட்டுனாப் போதும், ஒனக்கு யாரும் வேணாம்."

யாரும் வேண்டாம் என்றால் யார் வேண்டாம்? கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று இருந்தது. பிளெஸ்ஸியை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

பென்டிரைவில் எழுத வேண்டிய லினக்ஸ் முழுவதையும் முதலில் இறக்க வேண்டும். எங்கள் கடை இன்டர்நெட் வேகத்துக்கு அது ஆமையாக நகர்ந்தது. இறங்கி முடிகிற வரைக்கும் பேசினார். நான் மண்டகப்படிக்குப் பூ சொல்லியாகிவிட்டதைச் சொன்னேன். "சட்டை அளவு மாறலையே ஒங்களுக்கு?" என்று கேட்டேன். "மாறல" என்றார். அதற்குமேல் சட்டையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நிறம்கூடக் கேட்கவில்லை.

இறங்கி முடிந்ததும், "காலியா ஒரு பென்டிரைவ் எடு" என்றார்.

கடையில் ஒரு டப்பா நிறையப் பென்டிரைவ் உண்டு. எல்லாம் பிள்ளைகள் மறந்து விட்டுப்போனவை. ஊரான் பொருளைத் தொட மாட்டேன். விற்பதற்கு வைத்திருந்தவை பரீட்சை நேரத்தில் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த போட்டோக்காரர், ஆல்பத்தோடு ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்த கல்யாண வீடியோ பென்டிரைவ். அதுவும் மரத்தில் செய்ததுதான். மேலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் சூட்டால் எழுதி நடுவில் ஒரு இதயம் போட்டிருப்பார். கடை ஆளில்லாமல் இருக்கும்போது பார்ப்பதற்கென்று அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மேசை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தேன்.

"அது வேணாம்" என்றார் ஜெரால்டு. "எழுதுனா உள்ள இருக்கிறது பூராம் அழிஞ்சிரும்."

"மெஷின்ல ஒரு காப்பி இருக்குங்க. அதைத்தான நான் பாக்குறேன்."

"ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்லு."

போட்டேன். போனை ஸ்பீக்கருக்கு எதிரில் வைத்தேன். கோயில் மணி கேட்டது, அப்புறம் என் சித்தப்பாவின் குரல், யாரோ யாரையோ பந்திக்குக் கூப்பிடும் சத்தம்.

"இப்ப என்ன வருது?" என்றார்.

"நீங்க கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. வேர்த்து ஊத்துது. ஆரோக்கியதாஸ் மாமா விசிறிவிடுறாரு."

"நீ?"

"நான் இன்னும் வரல. கார்ல இருக்கேன்."

"வந்ததும் சொல்லு."

கம்ப்யூட்டரில் வரும் எழுத்தைப் படித்துச் சொல்வது போலவே எங்கள் கல்யாணத்தையும் வரி வரியாகச் சொன்னேன். இப்போது இறங்குகிறேன், இப்போது முக்காட்டைச் சரிசெய்கிறார்கள், இப்போது நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள். கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க, எல்லாம் இருக்கு" என்றேன். "சரி" என்றார். குரல் சரியில்லை.

அப்புறம் எழுதும் கட்டளை. எஸ்-டி-ஏ என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க், எஸ்-டி-பி என்றால் சொருகியிருக்கும் பென்டிரைவ். கடைசி எழுத்தை மாற்றி அடித்தால் கடையும் போச்சு, கல்யாணமும் போச்சு. என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். "பி-தான?" "பி-தாங்க." "நல்லாப் பாரு." "என்னய என்ன குருடின்னு நெனச்சீங்களா?" என்டர் தட்டினேன்.

பென்டிரைவில் எழுதும்போது திரையில் ஒன்றுமே காட்டாது. கர்சர் மட்டும் நின்ற இடத்தில் மினுக்கும். பென்டிரைவின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"ஷீபா" என்றார். "முத்துராமன் சார் வேலைய விட்டுட்டாரு. அவர் எடத்துல என்னயச் சூப்பர்வைசரா போட்டுருக்காங்க."

"நல்லதுதானங்க."

"உடனே கேட்டாங்க. யோசிக்க டயம் தரல. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். லீவு இந்த வருஷம் கெடையாது."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் பட்டுக்கோட்டை, பட்டுக்கோட்டை என்று கூவிக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைக்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப திருவிழா?"

கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"இதைச் சொல்றதுக்கா காலையிலேருந்து சுத்தி வளைச்சீங்க? நேரா வாயில வராதா? பொண்டாட்டிகிட்ட வரலைன்னு சொல்றதுக்குப் பென்டிரைவ் போட்டுக் குடுக்குற ஆம்பளைய நான் இப்பத்தாங்க பாக்குறேன்."

"நான் பக்கத்துல இல்லாதப்ப நீ தவிக்கக் கூடாதுன்னுதான்..."

நான் தவிக்க வேண்டும், நான் தவிக்கிறதால்தான் நீங்கள் பேசுகிறீர்கள் என்று சொல்ல வந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. பென்டிரைவில் கை வைத்தேன். பிடுங்கி ரோட்டில் எறிந்துவிட வேண்டும் என்று ஆத்திரம்.

நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "பிடுங்கிறாத ஷீபா. பழசு எப்பவோ அழிஞ்சிருச்சு. பாதியில எடுத்தா புதுசும் ஆகாமப் போயிரும்."

கையை எடுத்தேன். சிவப்பு விளக்கு துடித்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டரை அணைத்து, பென்டிரைவிலிருந்தே எழுப்பினேன். நன்றாக எழுந்தது. எங்கே தட்டினால் பழுது பார்க்கும் என்பதையும் காட்டிக் கொடுத்தார். "அப்பாடா, இனிமே கவலையில்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பெயர் எழுதிய அந்த மரத்துண்டை டிராயரில் போட்டேன். உள்ளே நாங்கள் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாணத்தை இன்னொரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். கோபத்தில் அதையும் செய்யவில்லை.

திருவிழா வந்தது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் பிளெஸ்ஸியை நிறுத்தி மாலை கொடுத்தேன். மாமியார் போனை உயர்த்திப் பிடித்து மகனுக்குத் தேரைக் காட்டினார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்று எல்லாரும் அவரிடம் வேண்டிக்கொள்வார்கள். என் புருஷன் தொலையவில்லை, விலாசத்தோடு இருக்கிறார். அதனால் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது. அதன் மேல் முகத்தை வைத்தால் ஜவுளிக்கடை வாசனைதான் வந்தது.

அதற்கப்புறம் போன் பேச்சு இன்னும் சுருங்கிவிட்டது. சூப்பர்வைசர் ஆனதில் வேலை கூடிவிட்டதாம். எனக்கும் வீராப்பு. "சாப்புட்டியா?" "ம்." "பாப்பா?" "ம்." அவ்வளவுதான். பச்சைப் புள்ளியை மட்டும் காலையில் தவறாமல் ஏற்றினேன்.

ஆடிக் காற்றில் ஒரு சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். கரண்ட் போனது, வந்தது, மறுபடி போய் வந்தது. மகளுக்குச் சான்றிதழ் பதிய வந்திருந்த சோலையப்பன் அண்ணன், "என்னம்மா ஆச்சு?" என்றார். கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கமான வெள்ளை எழுத்துகூட இல்லை. மூலையில் ஒற்றைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"நாளைக்கு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டேன். கடை போனால் போகட்டும். அந்தக் கோட்டுக்கும் வியர்வைக்கும், அவர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வைக்கும் உலகத்தில் வேறு காப்பி கிடையாது. என் திமிரினால் கிடையாது. போனை எடுத்தேன். அவருக்கு டூட்டி நேரம், எடுக்க மாட்டார். எடுத்தாலும் பென்டிரைவைச் சொருகு என்பார்.

சொருகினேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் மேலே தெரிய, மரத்துண்டு கம்ப்யூட்டரில் நீட்டிக்கொண்டு நின்றது. விளக்கு துடித்தது. கம்ப்யூட்டர் சாதுவாக எழுந்தது. பழுது பார்க்கும் கருவியைத் தட்டினேன். அது என்னென்னவோ ஓட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்றது. பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பழைய திரை அப்படியே வந்தது. அவசர அவசரமாக வீடியோவைத்தான் திறந்தேன். கோயில் மணி கேட்டது. அதைக் கேட்டு அழுத மாதிரி நான் வாழ்க்கையில் அழுததில்லை. யாரும் வரக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். முதல் வேலையாக, டப்பாவில் கிடந்த ஊரான் பென்டிரைவ் ஒன்றில் கல்யாணத்தை ஏற்றினேன். யாருடையதோ, மன்னிக்கட்டும்.

எல்லாம் முடிந்தது. யாருடைய தயவும் இல்லாமல் நானே செய்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அந்தக் கடைக்குள், ஓடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவர் குரல் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. குறட்டைக் கதை வேண்டும். நெத்திலிக் கதை வேண்டும்.

டூட்டி முடிகிற நேரம் பார்த்துப் போன் போட்டேன்.

"ஏங்க, மெஷின் போச்சுங்க."

"ஐயோ. பென்டிரைவ் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். அதுவும் எந்திரிக்க மாட்டேங்குதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இரு இரு. பாக்குறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எதிரில் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, இன்டர்நெட்டும் இருக்கிறது. அவர் கையில் இருக்கும் போனில் புள்ளி பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். பாக்குறேன் என்றாரே, அதைத்தான் பார்க்கிறார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஷீபா" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது, பழைய மாதிரி. "திரையில என்ன தெரியுது? மொத வரியிலேருந்து படி."

"ஒண்ணும் தெரியலைங்க. கறுப்பா இருக்கு."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"அப்ப இது பெரிய கோளாறா இருக்கும்போல" என்றார். "சரி பண்ண ரொம்ப நேரம் ஆகும். நீ நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காரு."

இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.